மேலே ஒரு சீட்டு, கீழே ஒரு சீட்டு: எல்லையோரக் குடும்பங்கள் தங்களுக்கென ஒரு டாக்டரை அமைத்துக்கொள்வது எப்படி?

என் அப்பா மேலே, கேரள மலையில், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். வீடு கீழே, தமிழ்நாட்டுக் கம்பத்தில். விடியும் முன்னே ஜீப் ஏறிக் கம்பமெட்டு வழியாக மேலே போவார். பொழுது சாயும்போது இறங்குவார். அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது மேலே நடந்த ஒரு முகாமில் தெரியவந்தது. அங்கிருந்த டாக்டர் அம்லோடிபின் எழுதிக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்துத் தலைசுற்றல் என்று கீழே ஒருவரிடம் போனார். பழைய சீட்டைக் கொண்டுபோகவில்லை. அவரும் அம்லோடிபினையே எழுதினார். கம்பெனி வேறு, அட்டையின் நிறம் வேறு. அப்பா இரண்டையும் ஒருநாள் தவறாமல் விழுங்கினார்.

அந்த மாத்திரை அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். வீங்கியது. மூன்றாவதாக ஒரு டாக்டர் வீக்கத்தைப் பார்த்து நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். நல்ல வெயில் காலம், வியர்வை வேறு. உடம்பில் சோடியம் குறைந்து, ஓர் இரவு என்னையே யாரென்று கேட்டார். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டார். மூவரில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற இருவர் என்ன கொடுத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. எல்லாச் சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஓர் ஆள் எங்களுக்கு அப்போது இல்லை.

கம்பம்–குமுளி, போடி–பூப்பாறை, செங்கோட்டை–புனலூர், களியக்காவிளை–பாறசாலை, வேலந்தாவளம்–கொழிஞ்சாம்பாறை என்று எல்லையின் இருபுறமும் வாழ்கிற நமக்கு டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. வேலை ஒரு மாநிலத்தில், வீடு ஒரு மாநிலத்தில், சம்பந்தி வீடு இரண்டிலும். போகிற இடத்தில் எல்லாம் ஒரு சீட்டு வாங்கிக்கொள்கிறோம். அப்படி ஏழெட்டு வருடங்களில் சேர்ந்த சீட்டுகளை வைத்துக்கொண்டு நான் திண்டாடிக் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக் கணக்கு

டாக்டரைத் தேடும் முன் ஒரு மாலை உட்கார்ந்து, வீட்டில் யார் யார், வயதென்ன, யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்று எழுதுங்கள். மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு நிற்காதீர்கள். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் மூலப்பெயர் இருக்கும். அம்லோடிபின், மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் என்பவை மூலப்பெயர்கள். அதையும் மில்லிகிராம் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மூலப்பெயர் இரண்டு அட்டைகளில் இருந்தால் அன்றே டாக்டரைக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தக் கணக்கை யாராவது போட்டிருந்தால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்திருக்க மாட்டார்.

பிறகு குடும்ப வரலாறு. அப்பா, அம்மா, உடன்பிறந்தோரில் யாருக்காவது அறுபதுக்கு முன் மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, மார்பகப் புற்று வந்ததா? எந்த மருந்து யாருக்கு ஒவ்வாது? இதெல்லாம் பாட்டியின் நினைவில் மட்டும் இருந்தால் போதாது.

எந்தப் பக்கத்து டாக்டர்?

என் முடிவு இதுதான்: இரவில் எந்தப் பக்கம் தூங்குகிறீர்களோ, அந்தப் பக்கத்து டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வேலை செய்யும் இடத்தில் நல்லவர் இருக்கலாம், ‘கைராசிக்காரர்’ என்று ஊரே சொல்லலாம். ஆனால் குழந்தைக்கு மூச்சு இழுப்பது இரவு பதினொரு மணிக்கு. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் இரண்டு நாள் போக்குவரத்து நிற்கும். அந்த நேரத்தில் நடந்தோ ஆட்டோவிலோ எட்டக்கூடிய தூரத்தில் இருப்பவர்தான் குடும்ப டாக்டர்.

தோட்ட வீட்டிலேயே குடியிருப்பவர்களுக்கு இதே விதி மேலே பொருந்தும். வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கம் இருப்பவர்கள் அருகிலுள்ள குடும்பாரோக்கிய மையத்தை விட்டுவிட வேண்டாம். கேரள அரசு 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இப்படி மாற்றப்பட்டன. மாலை 6 மணி வரை ஓ.பி. பார்ப்பது இதன் பெரிய வசதி; கூலி போகாமல் டாக்டரைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் தன்னார்வலர் வருவது பகலில், நம் ஆட்கள் மலையில். அவருடைய கைபேசி எண்ணை வாங்கிவைத்து, வீட்டில் இருக்கும் நாளைச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாததாலேயே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று பெயர் விட்டுப்போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அரசு டாக்டரா, தனியாரா? அரசு நிலையத்தில் டாக்டர் மாற்றலாகிப் போவார். ஆனால் பதிவேடும் செவிலியரும் இருப்பார்கள். தனியாரிடம் ஆள் மாறமாட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் பணம். மாதா மாதம் மாத்திரை வாங்குபவருக்கு அரசு நிலையமும், குழந்தையின் திடீர்க் காய்ச்சலுக்குத் தெருமுனை டாக்டரும் என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டும் ஒரே நோட்டில் பதிவாக வேண்டும், அவ்வளவே. நோட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பதிவு எண்ணைப் பாருங்கள்

டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேடு இருக்கிறது. பெயரையோ எண்ணையோ கொடுத்துத் தேடலாம். எல்லைப்புறச் சந்தையூர்களில் ‘டாக்டர்’ என்ற பலகை மாட்டி ஊசி போடும் ஆட்கள் இன்னும் உண்டு. அடுத்த மாநிலத்தில் படித்தவர் என்று சொன்னால் யாரும் விசாரிப்பதில்லை. நீங்கள் விசாரியுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

எம்.பி.பி.எஸ். படித்த, கவனமாகக் கேட்கிற ஒருவர் குடும்பத்துக்குப் போதும். குடும்ப மருத்துவம், பொது மருத்துவம் ஆகியவற்றில் மேற்படிப்பு இருந்தால் நல்லது. நேராக இருதய டாக்டர், எலும்பு டாக்டர் என்று ஓடாதீர்கள். நெஞ்சு எரிகிறது என்று போனால், அது வயிறா இருதயமா என்று பிரித்துச் சொல்லும் ஆள்தான் முதலில் வேண்டும்.

சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் நம் பகுதியில் வாழ்க்கையோடு சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் தனிப் பதிவு உண்டு. கஷாயம், லேகியம், பற்பம், செந்தூரம் எது சாப்பிட்டாலும் குடும்ப டாக்டரிடம் சொல்லுங்கள். பற்ப, செந்தூரங்களில் உலோகச் சேர்க்கை உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது முக்கியமான செய்தி.

நோயில்லாத நாளில் போய்ப் பாருங்கள்

காய்ச்சலோடு போகும்போது டாக்டரை எடைபோட முடியாது. நன்றாக இருக்கும் ஒரு நாளில், கூட்டம் குறைந்த நேரத்தில், வீட்டுக் கணக்கோடு போங்கள். ‘ஐயா, எங்கள் குடும்பத்துக்கு இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வந்திருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அந்தத் தாளை அவர் வாங்கிப் படிக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மீதியையும் கவனியுங்கள். ரத்த அழுத்தத்தை அவரோ செவிலியரோ பட்டை கட்டி அளக்கிறார்களா? வேலை என்ன என்று கேட்கிறாரா? தோட்டத்தில் மருந்து அடிக்கும் ஆளிடமும் கடையில் உட்காரும் ஆளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பவர் நமக்குப் பொருந்த மாட்டார். சளிக்கெல்லாம் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் தருகிறாரா? சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது. ‘ஒரு ஊசி போட்டால்தான் சரியாகும்’ என்று நாம் வற்புறுத்தும்போது மறுக்கிற டாக்டரை விட்டுவிடாதீர்கள். ‘இது என் கைக்கு மீறியது, தேனி மெடிக்கல் காலேஜுக்குப் போங்கள், கடிதம் தருகிறேன்’ என்று சொல்லத் தெரிந்தவர் இன்னும் மேல்.

மொழியும் ஒரு விஷயம். கேரளத்து மருந்துக் கடையில் உறையின் மேல் ‘ராவிலெ’, ‘உச்சைக்கு’, ‘ராத்ரி’ என்று மலையாளத்தில் எழுதித் தருவார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் புரியும்; வீட்டிலிருக்கும் பாட்டிக்குப் புரியாது. 1-0-1 என்ற முறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அதோடு ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘பின்’ என்பதை நாமே தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

ஒரே நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆளுக்கொரு இருநூறு பக்க நோட்டும், பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறையும். முதல் பக்கத்தில் பெயர், ரத்தப் பிரிவு, ஒவ்வாத மருந்து, நடப்பு மாத்திரைகள், டாக்டரின் எண். அடுத்த பக்கங்களில் தேதிவாரியாக எங்கே போனோம், என்ன சொன்னார்கள், எந்த மாத்திரை சேர்ந்தது, எது நின்றது. ‘நின்றது’ என்பதைத்தான் எல்லோரும் எழுத மறந்துவிடுகிறார்கள். சோதனை முடிவுகளும் டிஸ்சார்ஜ் சம்மரியும் உறைக்குள். எக்ஸ்ரே, ஸ்கேன் பெரிதாக இருந்தால் அதன் அறிக்கை மட்டும்.

மலைக்குப் போகும்போது நோட்டைச் சுமக்க முடியாது. முதல் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை மாறும்போதெல்லாம் புதுப் படம். ஆதார் கொண்டு உருவாக்கும் 14 இலக்க ஆபா (ABHA) என்ற சுகாதாரக் கணக்கு எண் இருந்தால், இணைந்த ஆஸ்பத்திரிகளின் பதிவுகள் அதில் சேரும். எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் காகித நோட்டை நிறுத்தாதீர்கள். சிக்னல் இல்லாத ஏலக்காட்டில் நோட்டுதான் பேசும்.

எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்தோம். ரத்த அழுத்தத்தை எங்கே வேண்டுமானாலும் அளக்கலாம்: மேலே குடும்பாரோக்கிய மையத்தில், கீழே முகாமில், மருந்துக் கடையில். எண்ணை நோட்டில் எழுதிவிட வேண்டும். ஆனால் மாத்திரையை மாற்றுகிறவர் ஒரே ஒரு டாக்டர். வேறு யாராவது மாற்றச் சொன்னால், அவசரம் இல்லாதபோது, அவரிடம் காட்டிய பிறகே மாற்றுவது. நேரில் வர முடியாவிட்டால் கைபேசியில் கேட்கலாம். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மாநிலத்திலிருக்கும் நோயாளிக்கும் ஆலோசனை தரலாம். எல்லை இதற்குத் தடையில்லை.

வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியவை

30 வயது கடந்த எல்லோருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுக்கு ஒருமுறை. அரசு நிலையங்களில் இரு மாநிலங்களிலும் இது இலவசம்.

அழுத்தம் அளக்கும்போது அவசரம் கூடாது. ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு அளந்தால் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே டீயும் பீடியும் வேண்டாம். வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் பேச வேண்டிய நேரம். வெறும் வயிற்றில் சர்க்கரை 126, அல்லது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. 6.5, அல்லது அவற்றுக்கு மேல் என்றால் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள்.

நீரிழிவு ஏற்கெனவே இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், பாதம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். கண் மங்கிய பிறகு போவது தாமதம். விழித்திரை பாதிப்பு தொடங்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பாதத்தை நாமே தினமும் பார்க்கலாம். நாள் முழுக்க ஈர பூட்ஸில் ஊறிய காலில் அட்டைக் கடியோ முள்ளோ இருந்தால், உணர்ச்சி குறைந்தவருக்குத் தெரியாது. இரவு விளக்கு வெளிச்சத்தில் விரல் இடுக்கு வரை பார்க்கச் சொல்லுங்கள். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியது வலி மாத்திரை. மலையேறி வேலை செய்கிறவர்கள் மாலையில் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வது நம் பகுதியில் சாதாரணம். அது ரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுப்பவருக்கு இன்னும் ஆபத்து. வாரத்தில் எத்தனை போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

வாய்ச் சோதனையும் 30 வயதிலிருந்தே. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் கன்னத்தின் உள்புறம் வெள்ளை, சிவப்புத் திட்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றைப் பார்த்தால் உடனே காட்ட வேண்டும். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகச் சோதனைகள் அரசுத் திட்டத்தில் 30 வயது முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உண்டு. என் அம்மா பத்து வருடம் ‘எனக்கென்ன’ என்று தட்டிக்கழித்தார். பெண் டாக்டர் இருக்கும் நாளைக் கேட்டு, பக்கத்து வீட்டு அக்காவோடு சேர்த்து அனுப்பிய பிறகுதான் போனார். கூட்டாகப் போவது பலன் தரும்.

தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவருக்குத் தனிக் கவனம் தேவை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருப்பது, மிகையான வியர்வை, பார்வை மங்கல், வயிற்றுப்போக்கு எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்து நஞ்சின் அடையாளங்களாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்து டப்பாவின் பெயர்ச்சீட்டைக் கொண்டுபோங்கள். தொடர்ந்து அடிப்பவர்கள், இந்த நஞ்சின் பாதிப்பைக் காட்டும் கோலினெஸ்டரேஸ் ரத்தச் சோதனை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். கேட்டால்தான் எழுதுவார்கள்.

தடுப்பூசி

குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் தொடங்கி 6, 10, 14 வாரங்களில், 9 மாதத்தில், 16 முதல் 24 மாதங்களுக்குள், 5 வயதில், 10 மற்றும் 16 வயதில் என்று அட்டவணை இரு மாநிலங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிரசவத்துக்கு அம்மா வீடு, பிறகு தோட்டம் என்று இடம் மாறும்போது அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நடுவில் ஒரு ஊசி விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெட்கப்பட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு டி.டி. (Td: டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி பத்து ஆண்டுக்கு ஒருமுறை. நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி. ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. தவணைகளை எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் தொடரலாம், சீட்டு இருந்தால் போதும். முதியவர்களுக்கு ஃப்ளூ, நிமோனியா ஊசிகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் வந்தால் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லுங்கள்

தமிழ்நாட்டு டாக்டர் ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்?’ என்று கேட்பார். ‘மூன்று நாள், போன வாரம் முழுக்க மேலே ஓடையோரம் வேலை செய்தேன்’ என்று நாமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலும், புதரிலிருந்து ஒட்டும் பூச்சியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸும் அந்த ஒரு வரியில்தான் டாக்டரின் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் எளிய மருந்து உண்டு. தாமதித்தால் உயிரை எடுக்கும். மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் தரும் வழக்கம் கேரளச் சுகாதாரத் துறையில் இருக்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வந்ததிலிருந்து, கேரளத்தில் எந்த மாவட்டத்துக்குப் போய் வந்தீர்கள் என்பதும் டாக்டருக்குத் தேவையான தகவல்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிச் சோதனை. காசநோய் உறுதியானால் கிடைக்கும் நிக்ஷய் எண் நாடு முழுவதும் செல்லும். இடம் மாறும்போது மாத்திரையை நிறுத்தாமல், அடுத்த மாநில நிலையத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

காப்பீட்டு அட்டை

தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகின்றன. ரேஷன் அட்டை எந்த மாநிலமோ அந்தத் திட்டம்தான். இரண்டுமே பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேரும்போது பயன்படுபவை. மாதாந்திர மாத்திரைக்கு உதவாது. மாத்திரைக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம், கேரளத்தில் நீதி மெடிக்கல் ஸ்டோர், காருண்யா மருந்தகம் ஆகியவற்றில் விலை குறைவு. அடுத்த மாநில ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், சேரும் முன்னே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டு ஏமாந்தவர்கள் பலர்.

இரவிலும், டாக்டரை மாற்றும்போதும்

நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒரு கை கால் செயலிழத்தல் என்றால் குடும்ப டாக்டருக்குக் காத்திருக்க வேண்டாம். 108 இரு மாநிலங்களிலும் ஒரே எண். எல்லையில் கைபேசி எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் மாநிலம், பிறகு மாவட்டம், ஊர், அடையாளம் என்று சொல்லுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

டாக்டர் ஓய்வுபெறலாம், நீங்கள் குடிமாறலாம். உள்நோயாளியாக இருந்த ஆஸ்பத்திரியில் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதி சொல்கிறது. மூன்று ஆண்டுகள் அவற்றை வைத்திருக்கவும் வேண்டும். வாங்கி உறைக்குள் வையுங்கள். புதிய டாக்டரிடம் மறுபடியும் நோயில்லாத ஒரு நாளில் போங்கள். அப்பா இப்போது மூன்றாவது நோட்டில் இருக்கிறார். அழுத்தத்துக்கு ஒரே மாத்திரை, காலை உணவுக்குப் பின். நேற்று 132/80 என்று அவரே தன் கையால் எழுதியிருந்தார்.